நரிக்கு இனிஷியல் என்ன?

அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கைத் துருவித் துருவிக் கேட்பவர். வங்கி வரிசையில் முன்னால் நிற்பவருக்கு ஆதாரை இணைப்பது எப்படி என்று வகுப்பெடுப்பவர். நாற்பதுகளின் கடைசியில், சர்க்கரை லேசாக எட்டிப் பார்க்கத் தொடங்கிய திருச்சிக் குடும்பஸ்தர். பெற்றோர் வைத்த பெயர் சரவணன் என்று வைத்துக்கொள்வோம். கைபேசிக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பெயர் செல்லாது. அங்கே அவர் 'நள்ளிரவு நரி'.

நள்ளிரவை அவர் விழித்திருந்து பார்த்துப் பல காலம் ஆகிறது. ஒன்பதரைக்கு மாத்திரை, பத்துக்குக் குறட்டை. நரித்தனம் உண்டா என்றால் அதுவும் இல்லை. காய்கறிக் கடையில் கொசுறுக் கொத்தமல்லி கேட்கக்கூடக் கூச்சப்படும் மனிதர். பெயர் தனக்குப் பொருந்துகிறதா என்பது அவருடைய கவலையே அல்ல. அந்தப் பெயருக்குக் காரணம் கேட்க ஆள் வர வேண்டும். அதுதான் கவலை.

யாரும் கேட்காவிட்டால் பேச்சை அவரே அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவார். "நேத்து ராத்திரி கரண்ட் போச்சு சார்" என்று ஒருவர் சொன்னால், "ராத்திரின்னதும் ஞாபகம் வருது, என் ஐடியில கூட..." என்று தொடங்குவார். வண்டலூர் உயிரியல் பூங்கா, பஞ்சதந்திரம், பாட்டி வடை சுட்ட கதை என்று எந்தச் சாலையில் போனாலும் கடைசியில் வந்து சேரும் ஊர் ஒன்றுதான். வடைக் கதையைக் கேட்ட குழந்தைகள் எல்லாம் காக்காவுக்காக வருத்தப்படும்போது, இவர் மட்டும் நரியின் சார்பில் வக்காலத்து வாங்குவார்.

யாராவது கேட்டுவிட்டால் போதும். அவரிடம் ஒரு காரணம் அல்ல, ஆளுக்குத் தகுந்தாற்போல் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

அலுவலகத்தில் சொல்வது நிர்வாகவியல் சார்ந்தது. "ஊரே தூங்கும்போது நரி முழிச்சிருக்கும். ஒரு நல்ல அதிகாரியும் அப்படித்தான் இருக்கணும்." இதைச் சொல்லும்போது மதிய உணவுக்குப் பிந்தைய கொட்டாவி ஒன்று குறுக்கே வந்துவிடும்; சமாளித்துவிடுவார். கல்லூரி நண்பர்களிடம் சொல்வது, விடுதிச் சுவர் ஏறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்க்கப்போன கதை. சுவருக்குக் கீழே நின்று செருப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் இவர் பங்கு என்று அந்த நண்பர்களுக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மாமனார் வீடு மதுரையில். அங்கே சொல்வதுதான் மூன்றிலும் உயர்ந்த ரகம். மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைத்தார் அல்லவா? அந்தக் குதிரைகள் இரவில் மறுபடி நரிகளாகி ஊளையிட்டன அல்லவா? "பகல்ல அரண்மனைக் குதிரை, நள்ளிரவுல நரி. வாழ்க்கையே அவ்வளவுதான் மாமா" என்பார். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இப்படியொரு மாப்பிள்ளை கிடைத்ததற்கா, சொக்கநாதரின் திருவிளையாடலுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மைக் காரணத்தை அவர் ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் என்னிடம் சொன்னார்.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் நடந்தது. ஒட்டுப்பலகைத் தடுப்பும் திரைச்சீலையுமாக இருந்த பிரௌசிங் சென்டர். முதல் மின்னஞ்சல் முகவரி தொடங்க உட்கார்ந்தார். சரவணன் என்று அடித்தார், யாரோ எடுத்துவிட்டார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்தார்; அதையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் தெருவுக்கு இரண்டு சரவணன், வகுப்புக்கு மூன்று சரவணன். சரி, வீரமாக வைப்போம் என்று சிங்கம், புலி, கழுகு என வரிசையாகப் போனார். காட்டில் ஒரு விலங்கு பாக்கி இல்லை. 'சிங்கம் 4471 வேண்டுமா?' என்று கணினி கேட்டது. லாரி நம்பர்போல இருந்ததால் மறுத்துவிட்டார். கல்லாவில் இருந்த பையன், "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்ணே இருக்கு" என்று குரல் கொடுத்தான். பதற்றத்தில் நரி என்று அடித்தார். அதுவும் இல்லை. கடை அடைக்கும் நேரம் என்பதால் முன்னால் நள்ளிரவைச் சேர்த்தார். பின்னால் ஒரு கோடு, பிறந்த ஆண்டு 78. கிடைத்துவிட்டது. இதில் மாணிக்கவாசகரும் இல்லை, மேலாண்மையும் இல்லை. வேறு பெயர் காலி இல்லை, அவ்வளவுதான்.

இதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதே இல்லை என்பேன். தமிழில் மிகப் புகழ்பெற்ற புனைபெயர் ஒன்று ஏறக்குறைய இதே காரணத்தால்தான் பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் குமுதத்தில் எழுத வந்தபோது அங்கே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். அதே ஸ்ரீரங்கத்தின் இன்னொரு ரங்கராஜனுக்குப் படம் வரையும் ஆசை. ஆனந்த விகடன் ஓவியர் மாலி போல ஆகட்டும் என்று பள்ளி நண்பர் ஒருவர் பெயர் சூட்டிவிட, அவர் வாலி. சுஜாதாவுக்கு இடம் கொடுக்காத அந்தக் குமுதம் ரங்கராஜனாவது தம் பெயரோடு நிம்மதியாக இருந்தாரா என்றால், அவரும் சூர்யா, மாலதி, முள்றி என்று வேறு பெயர்களில் எழுதிக் குவித்திருக்கிறார். கையில் இருக்கிற பெயர் யாருக்கும் போதவில்லை.

மனைவியின் பெயரை நரியாரும் மறக்கவில்லை. பாஸ்வேர்டு அதுதான். ஒருநாள் அது அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தால், "என் பேருக்குப் பின்னாடி எதுக்குங்க ஆச்சரியக்குறி?" என்று கேட்டார். ஏதாவது ஒரு குறியீடு கட்டாயம் வேண்டும் என்று கணினிதான் கேட்டது என்ற விளக்கத்தை அவர் இன்றுவரை நம்பவில்லை.

பெயர் கிடைத்ததோடு தொல்லை தீர்ந்ததா? ஆங்கில எழுத்தில் ளகரமும் லகரமும் ஒன்று, குறிலும் நெடிலும் ஒன்று. அன்றைய யாஹூ அரட்டை அறையில் வயதென்ன, ஆணா பெண்ணா, ஊர் எது என்பதுதான் முதல் கேள்வி. இவருக்கு மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. 'நள்ளிரவு நரி'யை எல்லோரும் 'நல்லிரவு நாரி' என்று படித்துவிட்டார்கள். உள்ளே நுழைந்த மறுகணம் பத்து ஆண்கள் வணக்கம் வைத்தார்கள். இணையத்தில் இவ்வளவு அன்பான மனிதர்கள் இருக்கிறார்களே என்று ஒரு வாரம் உருகிப்போயிருந்தார். அதே முகவரியோடு வேலைக்கு விண்ணப்பித்தபோது நேர்காணல் கடிதம் 'அன்புள்ள செல்வி நாரி' என்று வந்தது. போனார். வரவேற்பறையில் இருந்தவர் கடிதத்தையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடம் வரலையா?" என்று கேட்டாராம்.

தொலைபேசியில் முகவரி சொல்வது இன்னொரு கூத்து. எழுத்துக்கு எழுத்து ஊர்ப்பெயரோடு சொல்வார்: "என் ஃபார் நாகப்பட்டினம், ஏ ஃபார் அரியலூர், எல் ஃபார் லால்குடி, மறுபடியும் லால்குடி, ஐ ஃபார் இலுப்பூர்..." கேட்பவருக்கு டிக்கெட் எடுத்துவிடத் தோன்றும். அண்டர்ஸ்கோர் வந்ததும் வண்டி நின்றுவிடும். "அண்டர்ஸ்கோர்னா என்ன சார்?" "கீழ ஒரு கோடு." "எதுக்குக் கீழ சார்?" "எதுக்கும் கீழ இல்ல, தனியாக் கீழ."

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஒரு ஜிபி இடம் இலவசம் என்றதும் முட்டாள்கள் தின வேடிக்கை என்று பலர் நினைத்தார்கள். யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும் என்பதால், கல்யாணப் பத்திரிகைக்குக் காத்திருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா போல இவர் காத்திருந்து ஒரு அழைப்பு வாங்கினார். அங்கே அண்டர்ஸ்கோர் கூடாது. எழுத்து, எண், புள்ளி மட்டும்தான். சரி என்று கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி வைத்தார். பிறகு பத்து வருடங்களுக்கு மேல் எல்லோரிடமும், "நள்ளிரவு நரி, புள்ளி, 78. புள்ளிதான் முக்கியம், விட்டுடாதீங்க" என்று வலியுறுத்திக்கொண்டே இருந்தார். ஜிமெயில் அந்தப் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும் என்று மகள் சொன்ன அன்று அவர் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

ட்விட்டரில் வேறு சிக்கல். அங்கே கோடு போடலாம். ஆனால் மொத்தம் 15 எழுத்துதான். ஆங்கிலத்தில் அவர் பெயர் கோட்டோடு சேர்த்து 16. நரியை விடுவதா, நள்ளிரவை விடுவதா, பிறந்த ஆண்டில் பாதியை விடுவதா? கடைசியில் கோட்டை விட்டார்.

இவர் மட்டும்தானா என்றால், இந்தக் குடும்பம் பெரியது. தலயையும் தளபதியையும் முன்னால் போட்டுக்கொண்டு, வெளியே ஒரே பைக்கில் போய்வரும் இரண்டு நண்பர்கள் உள்ளே ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். குழந்தை பிறந்த அன்றே தன் பெயரை அழித்துவிட்டு 'இன்னாரின் அம்மா' ஆகிவிடும் தாய்மார்கள் உண்டு. அந்த இன்னார் இப்போது கல்லூரியில் படிக்கிறான், தலைமறைவாக. எண் ஜோதிடப்படி இரண்டு 'ஏ'யும் ஒரு 'ஹெச்'சும் கூட்டியதால் யார் தேடினாலும் அகப்படாத கார்த்திக்குகள் உண்டு. வெறும் ஒரு புள்ளியைப் பெயராக வைத்துக்கொண்டு வாட்ஸாப் குழுவில் எல்லோரையும் கதிகலங்க வைப்பவர்கள் உண்டு. வைஃபைக்குப் பெயர் வைப்பவர்கள் தனி இனம். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் தம்முடையதற்கு 'மூன்றாம் மாடி வாடகை பாக்கி' என்று வைத்திருக்கிறார். மூன்றாம் மாடிக்காரரின் அலைபேசியிலும் அது தெரியும் என்பதுதான் ஏற்பாடு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1970களில் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் வண்டியில் வைத்திருந்த குடிமக்கள் அலைவரிசை வானொலியில் ஆளுக்கொரு பட்டப்பெயரில் பேசிக்கொண்டார்கள். அந்த மோகம் வெள்ளை மாளிகை வரைக்கும் போய், அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஃபர்ஸ்ட் மாமா'. தமிழில் எழுதிப் பார்த்தால், பாவம், உறவே மாறிவிடுகிறது.

நரியாரின் வாழ்க்கையில் பெரிய சம்பவம் நடந்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில். பெண்ணின் தகப்பனார் இணையத்தில் சதுரங்கம் ஆடும் நண்பர். வருடக்கணக்காக ராஜாவையும் ராணியையும் பறிகொடுத்துப் பழகியவர்கள், முகம் பார்த்ததில்லை. பத்திரிகையே 'அன்புள்ள நரி அண்ணனுக்கு' என்றுதான் வந்தது. குடும்பத்தோடு போனார். வாசலில் மொய் எழுதும் மேசை, பக்கத்தில் மைக்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"சரவணன்."

"ஊரு?"

"திருச்சி." சொல்லிவிட்டுத் தயங்கினார். "இப்படி எழுதினா அவருக்கு யாருன்னு தெரியாதுங்க. நள்ளிரவு நரின்னு போடுங்க."

மொய் எழுதியே நரைத்த தலை நிமிர்ந்து பார்த்தது. எத்தனையோ பட்டப்பெயர்களை எழுதிய கை அது, அசரவில்லை.

"இனிஷியல்?"

"நரிக்கு ஏதுங்க இனிஷியல்?"

"அதெப்படிண்ணே? இனிஷியல் இல்லாம எழுதிட்டு, நாளைக்கு இன்னொரு நரி வந்தா யாருக்குன்னு செய்முறை திருப்பிச் செய்யிறது?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் பிரௌசிங் சென்டரில் கணினியும் கேட்டது. "அப்ப 78 சேர்த்துக்குங்க" என்றார். அவரும் சேர்த்துக்கொண்டார். தொகை 501. நோட்டில் பெயரும் எண்ணும் தொகையும் ஒரே வரியில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. சற்று நேரத்தில் மண்டபம் முழுக்கக் கேட்டது: "திருச்சி நள்ளிரவு நரி அவர்கள்... எழுபத்தெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு!"

பந்தியில் இலைக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு கணம் சீவாளியை எடுத்துவிட்டார். மேடையிலிருந்து பெண்ணின் தகப்பனார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "அண்ணே, இதை நான் எப்பண்ணே திருப்பிச் செய்வேன்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நரியாரின் மனைவி அதுவரை அந்தப் பெயரை உரக்கக் கேட்டதே இல்லை. அவர் முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் போதாது. ஆனால் நரியார் என்ன செய்தார் தெரியுமா? தொகையைத் திருத்தச் சொல்லும் முன், தகப்பனாரின் கையை விடாமலே, "இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு நீங்க கேட்டதே இல்லையே?" என்றார். ஊர் மதுரைப் பக்கம் என்பதால் மாணிக்கவாசகர் கதை. முகூர்த்த நேரம் நெருங்கியும் அரிமர்த்தன பாண்டியன் குதிரை லாயத்தைத் திறக்கவில்லை.

அவர் பயப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான்: யுபிஐ. 2016-ல் அது வந்ததிலிருந்து நரிக்குப் பிழைப்பு கெட்டது. முகவரியை என்னவென்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பணம் அனுப்பப் போகும்போது வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் திரையில் வந்து நின்றுவிடும். சதுரங்கக் குழு சந்திப்புக்கு இவர் பணம் வசூலித்தபோது அத்தனை பேருக்கும் 'சரவணன் கே' என்று வந்தது. "நரி அண்ணே, உங்க நம்பரை யாரோ சரவணன்னு ஒருத்தன் ஹேக் பண்ணிட்டான்" என்று நாலு பேர் பதறியடித்துக் கூப்பிட்டார்கள்.

சமீபத்தில் அவருக்குக் குறுந்தொகை அகப்பட்டிருக்கிறது, மகளின் பாடப்புத்தகம் வழியாக. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் என்று பார்த்ததும் குதித்துவிட்டார். "நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஐடி வெச்சிருக்காங்க சார்!" அந்தப் புலவர்கள் தாங்களாக வைத்துக்கொண்டவை அல்ல அவை, இயற்பெயர் தெரியாமல்போய்ப் பாட்டுக்குள் இருந்த தொடரையே தொகுத்தவர்கள் பெயராக்கிவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், இவர் பொறாமைப்பட வேண்டிய இடமே அதுதான். பாட்டு நன்றாக இருந்தது, பெயர் தானாக வந்தது. அணிலாடு முன்றிலார் யாரிடமும் போய் அணில் ஏன் வந்தது என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் நரியார் அதற்குள் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். செம்புலப்பெயனீராரை ஆங்கிலத்தில் எழுதினால் ட்விட்டரில் அடங்காது. தேய்புரிப் பழங்கயிற்றினாருக்கு வாய்ப்பே இல்லை. குப்பைக்கோழியார் மட்டும் கச்சிதமாக 15 எழுத்து. "பாருங்க சார், என்ன தீர்க்கதரிசனம்!" என்றார்.

இப்போது அவருக்குப் புதிய கவலை, பையன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். கைபேசியில் துப்பாக்கி விளையாட்டு. அங்கே அவன் பெயருக்கு இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் நான்கைந்து ஆங்கில எழுத்து, கடைசியில் சிரித்த முகம்போல ஒரு வளைவு. அப்பா பாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் கேட்கக் காத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஏன்டா தம்பி இந்தப் பேரு?"

"சும்மாப்பா."

"சும்மான்னா? ஒரு காரணம் இருக்குமில்ல?"

"காரணமா? காப்பி பேஸ்ட் பண்ணேன்ப்பா."

சுட்டுவிட்டு ஓட வேண்டிய அவசரத்தில் அவன் போய்விட்டான். அப்பாவால் ஆறவே முடியவில்லை. தம் ரத்தத்தில் வந்த பிள்ளை காரணமே இல்லாத ஒரு பெயரோடு உலகத்தில் உலவுவதா? விசாரித்தார், தேடினார், கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சிரித்த முகம் உண்மையில் ஜப்பானிய கடகானா எழுத்து. 'ட்சு' என்று ஒலிக்கும். மறுநாளே தேநீர்க் கடையில் ஆரம்பித்தார்: "நம்ம பையன் பேருல ஒரு ஜப்பான் எழுத்து வருது சார். சாமுராய் பரம்பரைன்னா என்னன்னு தெரியுமில்ல? இறக்கை எதுக்குன்னா..." மாமனார் வீட்டுக்கு அதையே கருடனாக மாற்றிச் சொன்னார். மாமியார் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பையன் பெயரை மாற்றிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "போர் அடிச்சுதுப்பா" என்றானாம். புதிய பெயர் முழுக்க எண்களாகவே இருக்கிறது. நரியார் அதைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்; நேற்று என்னிடம் காட்டி, "கூட்டுத்தொகை ஒன்பது வருது, கவனிச்சீங்களா?" என்றார்.